மாமரத்துக்கு மேல் ஒரு வெளிச்சம்

ஃபிஜித் தீவில், லௌடோக்கா நகரத்தை ஒட்டிய நடபுவாவில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைச்சல் கிடையாது. அதனால் சுஷீலாவின் தையல் மிஷினுக்கும் ஓய்வு கிடையாது. ஜனவரியில் பள்ளி திறக்கும் என்பதால், டிசம்பர் பிறந்துவிட்டால் அவள் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது. நாற்காலியில் பாவாடை, கட்டிலில் சட்டை, கதவுக் கொக்கியில் பாதி தைத்த கால்சட்டை. அளவு கொடுக்க வரும் பிள்ளைகளிடம், "வளருவியா, இப்படியே நிப்பியா? முன்னாடியே சொல்லிடு, அதுக்குத் தக்க மடிச்சு விடறேன்" என்பாள். பிள்ளைகள் ஹிந்தியில் பதில் சொல்வார்கள். தமிழ் அவர்கள் காதில் விழும், வாயில் வராது. அவளுடைய ஒரே மகள் ப்ரேமிலாவும் அப்படித்தான்.

கணவர் அப்பலசாமி லௌடோக்காவில் சர்க்கரை ஆலை ஸ்டோரில் கிளார்க். கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே விடமாட்டார். வீட்டிலும் அதே சட்டம். சுஷீலா புதுக் கரண்டி வாங்கினால், "பழசு என்ன ஆச்சு?" என்று கேட்டு, பழசைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதுசு குழம்பில் இறங்கும். இருபத்திரண்டு வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியதில் சுஷீலா ஒரு வித்தை கற்றிருந்தாள். அவரை எதிர்த்துப் பேசமாட்டாள். செய்ய நினைத்ததைச் செய்துவிட்டு, கையை வேறு பக்கம் காட்டிவிடுவாள்.

1987 மே மாதம் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது. செப்டம்பரில் மறுபடியும் ஒரு தடவை. அதற்குப் பிறகு கடைத்தெருவில் இரண்டு பேர் சந்தித்தால், "சாப்பிட்டியா" என்கிற கேள்வி போய் "வெளிநாட்டுக்குப் பேப்பர் போட்டுட்டியா" என்று ஆனது. அப்பலசாமியின் அண்ணன் வான்கூவரில் இருந்தார். அவர் தயவில் இவர்களும் பேப்பர் போட்டார்கள். விசா கிடைத்துவிடும் என்று அண்ணன் போனில் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. மகள் கல்யாணமாகாதவளாக இருந்தால்தான் பெற்றோரோடு சேர்ந்து வர முடியும். கல்யாணமாகிவிட்டால் அவள் வேறு குடும்பம், வேறு மனு, வேறு வரிசை. அந்த வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.

ப்ரேமிலாவுக்கு அப்போது தவுவாவில் ஒரு மகேந்திரா இருந்தான். பஸ் கம்பெனி மெக்கானிக். நல்ல பையன், நகக் கண்ணில் எப்போதும் கிரீஸ். ப்ரேமிலா முதலில் வான்கூவர் போய்க் காலூன்றி, திரும்பி வந்து அவனை முறைப்படி கட்டிக்கொண்டு, பிறகு அழைத்துக்கொள்வது என்று அப்பலசாமி திட்டம் போட்டார். எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

மகேந்திராவின் அம்மா இந்திராவதி இதற்கு ஒப்பவில்லை.

"என் வீட்டுக்காரரும் போயி எடம் பாத்துட்டு கூப்பிடறேன்னுதான் சிட்னிக்கு ஏறினாரு. முதல் கலாட்டா முடிஞ்ச கையோட போனவரு. ஒரு கடுதாசி உண்டா? போறவங்க மனசு பிளேன்லயே மாறிடுது சம்பந்தி. கழுத்திலே ஒண்ணு ஏறட்டும். அப்புறம் நீங்க சந்திரனுக்கு வேணாலும் கூட்டிட்டுப் போங்க."

"ஏறினா விசா போச்சுங்க" என்றார் அப்பலசாமி.

"ஊருக்குத் தெரிஞ்சாதானே போகும்? ஆபீஸ்ல எழுத வேணாம். கோயிலுக்குப் போக வேணாம். நம்ம அஞ்சு பேருக்குத் தெரிஞ்சா போதும்."

ப்ரேமிலா தன் பங்குக்கு, தாலி ஏறாவிட்டால் தானும் விமானம் ஏறப்போவதில்லை என்று ஹிந்தியில் அறிவித்தாள். இரண்டு பெண்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் ஸ்டோர் கிளார்க் என்ன செய்ய முடியும்?

1988 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஞாயிறுகளில் கடை கூடாது, வேலை கூடாது, விளையாட்டு கூடாது என்று புது அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம் அது. தெருவில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் தவிர ஆள் நடமாட்டமில்லை. இந்திராவதியும் மகனும் முந்தின நாளே துணி தைக்க வந்தவர்கள் மாதிரி ஒரு பையோடு வந்து தங்கிவிட்டார்கள். பைக்குள் மஞ்சள் கயிறு, பொட்டுத் தாலி, ஒரு பித்தளைத் தாம்பாளம். ஐயர் கிடையாது. "தமிழ்நாட்டிலேருந்து வந்தவர், நல்ல மனுஷர்தான். ஆனா நாலு வீட்டுக்குப் போறவர்" என்று அப்பலசாமி சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார்: "போட்டோ கீட்டோ கூடாது. கண்ணால பாத்தா போதும்."

மத்தியானத்திலிருந்து மழை. ஜன்னல் கண்ணாடிப் பலகைகளை எல்லாம் இறக்கி மூடியிருந்தார்கள். முன்னறை தெருவிலிருந்து கொல்லைவரை நீண்ட ஒரே அறை; தெருப்பக்கம் திரைச்சீலை. பின்பக்கத்துக்குத் திரை தேவைப்படவில்லை. அங்கே ஒரு மாமரம், அதற்கப்பால் கரும்பு, அதற்கப்பால் மலை. தையல் மிஷினை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பெண்ணையும் பிள்ளையையும் உட்கார வைத்தார்கள்.

சுஷீலா நீலத் துணிக் குவியலுக்குள் கேமராவை ஒளித்து வைத்திருந்தாள். ஒரே மகளின் கல்யாணம். மேளம் இல்லை, ஜனம் இல்லை, நாளைக்குப் பேசிக்கொள்ளக்கூட ஆள் இல்லை. போட்டோவும் இல்லையென்றால் இது நடந்தது என்று அவளுக்கே நம்பிக்கை வராது. மகேந்திரா முடிச்சுப் போடும்போது ஒன்று எடுத்தாள். ப்ரேமிலா குனிந்து சிரித்தபோது இன்னொன்று. அப்பலசாமி திரும்பினார்.

"கையிலே என்ன அது?"

சுஷீலா சட்டென்று பின்பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "மாமரம். வான்கூவர்ல மாமரமா இருக்கு? ஒண்ணு எடுத்து வச்சுக்கறேன்" என்று சொல்லி, கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இந்திராவதி ஆரத்தித் தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏற்றி, பிள்ளைகள் முகத்துக்கு நேரே தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ப்ரேமிலா மறுநாளிலிருந்து கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு பேங்குக்கு வேலைக்குப் போனாள். சில வாரங்களில் மூன்று பேருக்கும் விசா வந்தது; அக்டோபருக்குள் போய்ச் சேரவேண்டும்.

லௌடோக்காவில் ஸ்டுடியோ வைத்திருந்த பாலசுப்பிரமணி தென்னிந்தியர் சங்கத்து ஆள். சுஷீலாவுக்கு அண்ணன் முறை சொல்லிப் பழகியவர். ஃபிலிம் சுருளை அவரிடம் கொடுத்து விஷயத்தையும் காதில் போட்டுவைத்தாள். அவர் கல்யாணப் படங்கள் இரண்டையும் உறையில் ஒட்டிக் கொடுத்தார். வாய் திறக்கவில்லை. மூன்றாவதை மட்டும் விளக்கடியில் வைத்துக்கொண்டு, "இது என்னம்மா, மலைக்கு மேலே?" என்று கேட்டார்.

மாமரம் இருந்தது. கரும்பு இருந்தது. மலைக்கு மேலே, மழை மூட்டமான வானத்தில், சிவப்பும் பொன்னுமாக வட்டமாக ஒன்று மிதந்தது. அதன் உச்சியில் வெள்ளையாக ஒரு தீ.

"எனக்கென்ன தெரியும் அண்ணே. மழை நாளு. மின்னலோ என்னமோ."

அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பாலசுப்பிரமணிக்கும் தெரியவில்லை. கல்யாணப் படத்தை மறைக்கச் சொன்னாள், மறைத்தாயிற்று. மாமரத்தை மறைக்கச் சொல்லவில்லையே. பெரிதாக்கிக் கடை ஷோகேசில், மாலையும் கழுத்துமான ஜோடிகளுக்கும் மொட்டைக் குழந்தைகளுக்கும் நடுவில் வைத்தார். கீழே 'எடுத்தவர்: திருமதி சுஷீலா, நடபுவா' என்று மரியாதையாக எழுதியும் வைத்தார்.

பறக்கும் தட்டு என்று பேச்சாகி, சனிக்கிழமைகளில் அதற்கு முன்னால் கூட்டம் நின்றது. "அவங்களும் விசா கேட்டு வந்திருப்பாங்க" என்றான் ஒருவன். "வந்து எட்டிப் பாத்திருக்கான். ரோட்டிலே பட்டாளம் நிக்குது. நமக்கெதுக்கு வம்புன்னு திருப்பிட்டான்" என்றான் இன்னொருவன். சுஷீலாவுக்கு இதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. துணி தைக்க வந்தவர்களிடம் தானே பேச்செடுத்தாள்.

அந்த வருஷ நடுவில்தான் லௌடோக்காவில் கன்டெய்னர் பெட்டிகளுக்குள் ஆயுதங்கள் அகப்பட்டன. யார் கொண்டுவந்தார்கள், இன்னும் எங்கே இருக்கிறது, வானத்திலிருந்தும் போடுகிறார்களா என்று நாடு முழுக்க ஒரே பேச்சு. அந்த வாரம் ஒரு பத்திரிகைக்காரர் ஷோகேஸ் படத்தை வாங்கிப் போய்ப் போட்டார். உடனே கரும்பு ரயில் பாதைக் காவல்காரர் ஒருவர், தானும் மார்ச்சில் மலைக்கு மேலே வெளிச்சம் பார்த்ததாகச் சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் சொன்னார்கள். தலைநகர் சுவாவிலிருந்து விசாரணைக்குழு வந்துவிட்டது.

குழுவில் மூன்று பேர். விமானத் துறையில் இருந்து ஒருவர், சீருடைக்காரர் ஒருவர், தலைமைக்கு விலியாமே என்ற அதிகாரி. அவர் பூர்வீக ஃபிஜியர், தவுவாப் பக்கம் கரும்புக்காரர்களோடு வளர்ந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சுஷீலாவை அக்கா முறை வைத்து 'தீதி' என்று ஹிந்தியில் அழைத்தார். டீ கொடுத்ததும் சர்க்கரை போதவில்லை என்று கேட்டு வாங்கிக் கலக்கிக்கொண்டார். பயமுறுத்துகிற மனிதராக இருந்திருந்தால் அவள் ஜாக்கிரதையாக இருந்திருப்பாள்.

"தீதி, எங்கே நின்னு எடுத்தீங்க?"

வீட்டுக்குள் என்று சொன்னால் வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பார். சுஷீலா, "வெளியே. பின்பக்கம்" என்றாள்.

"கூட யாரு?"

"யாருமில்லே. இவர் தூங்கிட்டிருந்தாரு. பொண்ணு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தா."

பக்கத்தில் அப்பலசாமி கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள்.

"முக்கியமான சாட்சி நீங்க. விசாரணை முடியற வரைக்கும் நாட்டிலேயே இருக்கணும். வீட்டிலே எல்லார் பாஸ்போர்ட்டும் எங்கிட்ட இருக்கட்டும். அக்டோபர் வரைக்கும் விசா இருக்கில்லே? அதுக்கு முன்னாடி முடிச்சிடுவோம்" என்றார் விலியாமே. அவர் பொய் சொல்லவில்லை. முடித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார்.

ஸ்டுடியோவுக்குப் போய் நெகட்டிவ் கேட்டார்கள். பாலசுப்பிரமணி மாமரப் படத்தை மட்டும் தனியாகக் கத்தரித்து வைத்திருந்ததை நீட்டினார். முன்னும் பின்னும் இருந்த படங்கள் எங்கே என்று கேட்டார்கள். வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போயின, எறிந்துவிட்டேன் என்றார். சொல்லிவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு, மீதிச் சுருளைக் கொல்லையில் போட்டு எரித்தார்.

செய்தி தவுவாவுக்குப் போனது. இந்திராவதி பத்திரிகையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். சமையலறையில் முந்தானையால் வியர்வையைத் துடைத்தபடி, "இது என்ன தெரியலையா உங்களுக்கு?" என்றாள்.

"என்ன?"

"என் தாம்பாளம். இந்தா, ஓரத்திலே நெளிவு. ராக்கிராக்கியிலே எங்க மாமா வீட்டிலே கீழே போட்டது."

சுஷீலா அடுப்பை அணைத்தாள். படத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஜன்னல் கண்ணாடியை மூடி, மகளை விளக்கோடு பின்னால் நிற்கச் சொன்னாள். கண்ணாடியில் விளக்கு மலைக்கு மேலே ஏறி நின்றது.

இந்திராவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டாளமே வந்து தேடுது, என் ஆரத்தியை" என்றாள்.

அப்பலசாமி வேலை முடிந்து வந்ததும் சொன்னார்கள். அவர் முகம் தெளிந்தது. "இவ்வளவுதானே. சாமி விளக்கு கண்ணாடியிலே தெரிஞ்சதுன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"அப்போ வெளியே நின்னேன்னு ஏன் சொன்னேம்பாரு" என்றாள் சுஷீலா. "சாமி விளக்கு ஆள் உசரத்துக்கு எப்படி வந்துது, யாரு தூக்கினாங்கம்பாரு. யாருமில்லேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். பாலு அண்ணன் படத்தை எரிச்சதை வேற தோண்டுவாங்க. ஆரத்தி யாருக்கு எடுப்பாங்கன்னு அந்த மனுஷனுக்குத் தெரியாதா? தவுவாவிலே எத்தனை கல்யாணத்திலே சாப்பிட்டிருப்பாரு."

"பொய் சொன்னது நீ."

"ஆமா. உண்மை சொல்லியிருந்தா உங்க பொண்ணுக்கு இன்னிக்கு விசா இருக்காது."

அன்றைக்கு அப்பலசாமி உறையைப் பிரித்து இரண்டு படங்களையும் மண்ணெண்ணெய் அடுப்பில் காட்டினார். சுஷீலா தடுக்கவில்லை. ப்ரேமிலா மட்டும் எட்டி நின்று பார்த்தாள். அந்தக் கல்யாணத்துக்கு இனி ஒரே படம்தான். அது சர்க்கார் கையில் இருந்தது.

ஆகஸ்ட் வந்தது. விசாரணை நகரவில்லை. ஆலையில் அப்பலசாமி ராஜினாமா கொடுத்தாயிற்று. வீட்டை விலை பேசியாயிற்று. வாங்குகிறவர் வாரா வாரம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சுஷீலா பாதித் துணிகளைத் தைத்தாள், பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, நீங்க கனடா போறீங்களா, ஜெயிலுக்குப் போறீங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

எல்லாவற்றையும் முடித்துவிட ஒரு வழி இருக்கிறது என்று சுஷீலாவுக்குத் தோன்றியது. வெளியே, தனியாக என்று ஏற்கனவே சொல்லியாயிற்று. அதற்கு ஒத்துப்போகிற மாதிரி ஒரு பொய் இருந்தால் போதும். அடுத்த தடவை விலியாமே வந்தபோது, "வேடிக்கைக்குச் செஞ்சேன். தாம்பாளத்தை மாமரத்துக்கு மேலே தூக்கி எறிஞ்சு படம் எடுத்தேன். இவ்வளவு பெரிசாகும்னு தெரியாது. மன்னிச்சிடுங்க" என்றாள்.

விலியாமே டீயைக் கீழே வைத்தார். "தனியாவா?"

"தனியா."

"ஒரு கையிலே எறிஞ்சு, ஒரு கையிலே எடுத்தீங்க."

"ஆமா."

"நல்லது. எறிஞ்சு காட்டுங்க, தீதி."

மறுநாள் மூன்று அதிகாரிகளும் கேமராவோடு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மரவள்ளிக் கொல்லையில் வந்து நின்றார்கள். சுஷீலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது கையில் தாம்பாளம், இடது கையில் கேமராவுமாக மாமரத்தடியில் நின்றாள். முதல் வீச்சு சாக்கடையில் விழுந்தது. இரண்டாவது, பக்கத்து வீட்டு நாயைத் துரத்தியது. மூன்றாவது மரத்தில் சிக்கிக்கொண்டது. சீருடைக்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். பிறகு அவரும் எறிந்து பார்த்தார். அவருக்கு அது நன்றாக வந்தது. வேலிக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. ஜனங்கள் கைதட்டினார்கள். அப்பலசாமி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, தன் மனைவி ஊர் முன்னால் தட்டு எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படங்கள் தயாரானதும் விலியாமே தனியாக வந்தார். வரிசையாக மேஜையில் வைத்தார். எல்லாவற்றிலும் தாம்பாளம் தாம்பாளமாகத்தான் இருந்தது.

"தீ எங்கே, தீதி?"

"வெயில் பட்டு மின்னியிருக்கும்."

"அன்னிக்கு மழை. உங்க படத்திலே மாமரத்து இலையெல்லாம் சொட்டுது. நீங்க நனைஞ்சிட்டே எறிஞ்சீங்களா?"

சுஷீலா படங்களை ஒன்றாக அடுக்கினாள். ப்ரேமிலா டீ கொண்டுவந்தாள். குனிந்து வைக்கும்போது கழுத்தோரத்தில் ரவிக்கை விளிம்பு மஞ்சளாகியிருந்தது. விலியாமே அதைப் பார்த்தாரா என்று சுஷீலாவுக்கு இன்றுவரை தெரியாது. அவர் டீயைப் பார்த்தபடிதான் பேசினார்.

"நீங்க நல்லவங்கன்னு எனக்குத் தெரியும். எதையோ மறைக்கறீங்கன்னும் தெரியும். எனக்குத் தெரியாததை நான் எழுத முடியாது. படம் எடுத்தது நீங்க மட்டும்தான்னு சொல்லிட்டீங்க. அதனால அவங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துடலாம். உங்களது இருக்கும்."

"எது வரைக்கும்?"

"உண்மை வர்ற வரைக்கும்."

அவர் போன பிறகு வீட்டில் பேச்சு நடந்தது. பேச்சு என்றால், ப்ரேமிலா பேசினாள். தான் போகவில்லை, கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு தவுவாவுக்கே போகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுவோம் என்று அழுதாள். அப்பலசாமி அவளையும் பார்த்தார், சுஷீலாவையும் பார்த்தார். ராஜினாமா கொடுத்த மனிதருக்கு எந்தப் பக்கமும் சொந்தமாக இல்லை.

"சொல்லிடலாம்" என்றாள் சுஷீலா. "சொன்னா, என் பாஸ்போர்ட் வரும். உன் விசா போகும். உன்னை இங்கே விட்டுட்டு நானும் அவரும் அங்கே போய் உக்காந்து பனியைப் பாக்கணுமா? நீ போ. நீ போனா அவனைக் கூப்பிடலாம். அவர் போனா என்னைக் கூப்பிடலாம். நான் போய் யாரைக் கூப்பிடறது?"

"நீ தனியா எங்கேம்மா இருப்பே?"

இதற்கு யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. வீடு விற்றாயிற்று. மூலையில் உட்கார்ந்திருந்த இந்திராவதிதான், "எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றாள். "மருமக வர வேண்டிய எடம் காலியாத்தானே இருக்கு."

அக்டோபர் முதல் வாரத்தில் அப்பலசாமியும் ப்ரேமிலாவும் நாடி நகரில் விமானம் ஏறினார்கள். அதற்கு முன் இந்திராவதியே தாலியைக் கழற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பெண்ணின் கழுத்து அசையவில்லை. அப்பலசாமி விமான நிலையத்தில் மனைவியிடம், வீட்டுச் சாவியை வாங்கினவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள் என்றார்.

தவுவாவில் அவளை வைத்து ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டாகிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுக்காமலே அம்மா மாப்பிள்ளை வீட்டுக்கு வாழ வந்துவிட்டாள் என்றார்கள். உண்மைக்கு எவ்வளவு கிட்டத்தில் நின்று சிரிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. சுஷீலா அங்கேயும் மிஷினைப் போட்டுத் தைத்தாள். இரண்டு சம்பந்திகளும் ஒரு சமையலறையில். ஒருத்திக்குப் புளி தூக்கலாக வேண்டும், ஒருத்திக்கு ஆகாது. ஒருத்தி சீக்கிரம் எழுந்து சத்தமாகப் பாத்திரம் தேய்ப்பாள். ஒருத்தி ராத்திரியில் மிஷின் ஓட்டுவாள். சண்டை வந்தால், "கழுத்திலே ஏறினாத்தான்னு நீ பிடிவாதம் பிடிக்கலேன்னா" என்று சுஷீலா தொடங்குவாள். "போட்டோ வேணாம்னு உன் புருஷன் சொன்னாரே, கேட்டியா" என்று இந்திராவதி முடிப்பாள். இரண்டும் நியாயம் என்பதால் சண்டை வளராது.

ப்ரேமிலா சொன்ன வாக்குப்படி 1990-ல் வந்தாள். கோயிலில், ஐயர் வைத்து, ஊர் கூட்டிக் கல்யாணம் நடந்தது. ஆபீசில் பதிந்தார்கள். சுஷீலா முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தாள். மகள் திரும்பிப் போய் மகேந்திராவுக்கு மனு போட்டாள். அப்பலசாமி தன் பங்குக்கு மனைவிக்குப் போட்டார். மனைவியின் மனு ஒரே இடத்தில் போய் முட்டியது. பாஸ்போர்ட் சுவாவில் இருந்தது. போலீஸ் சான்றிதழ் கேட்டால், விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஆயுத விவகாரம் எல்லாம் பழசாகிப் போயிற்று. ஆனால் விளங்காத ஒன்றை விளங்கிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த நாற்காலிக்கும் மனமில்லை.

மறு வருஷம் ஒரு சனிக்கிழமை, தவுவா மார்க்கெட்டில் தாலோக் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் விலியாமே உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கு வந்துவிட்டாராம். சுஷீலா வேறு பக்கம் திரும்புவதற்குள், "தீதி" என்று கூப்பிட்டுவிட்டார்.

"இன்னும் இங்கேயா?"

"நீங்கதானே வச்சிருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார். "உங்களைப் பத்தி நெனச்சுக்குவேன். நான் சரியாத்தான் செஞ்சேன். ஆனாலும் நெனச்சுக்குவேன். இப்போ சொல்லுங்க. சுவாவிலே அந்த நாற்காலியிலே இருக்கறவன் எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவன். நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். அன்னிக்கு என்ன நடந்ததுன்னு எழுதிக் கொடுத்துடுங்க. அன்னிக்கே பாஸ்போர்ட் வாங்கித் தர்றேன். உங்களை யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

சுஷீலா கிழங்கைப் பார்த்தபடி நின்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கதவு ஒன்று திறந்து நின்றது. உள்ளே தள்ளுகிறவர் யாருமில்லை, வெளியே வா என்றுதான் சொல்கிறார். அப்பலசாமி அங்கே தனியாகச் சமைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடிதத்திலும் சோறு குழைந்துவிடுகிறது என்று எழுதுகிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாம்பாளம் யார் கையில் இருந்தது என்று.

அந்த வார்த்தை எழுதப்பட்டால் 1988 மார்ச்சிலேயே ப்ரேமிலாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று ஆகும். பொய் சொல்லி நாட்டுக்குள் வந்தவள் என்று ஆகும். மகேந்திராவின் மனு அந்த வாரம் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருந்தது. அவன் கிரீஸ் நகங்களைத் தேய்த்துத் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டிருந்தான்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள் சுஷீலா. "தாம்பாளத்தைத் தூக்கி எறிஞ்சேன்."

விலியாமே கிழங்கை அவள் பையில் போட்டார். "நல்லாத்தான் எறிஞ்சீங்க" என்றார். கிழங்குக்குக் காசு வாங்க மறுத்தார். அவள் காசை வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் இந்திராவதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது.

"சொல்லிட்டியா?"

"சொல்லலே."

இந்திராவதி மூச்சு விட்டாள். மறுபடி ஒரு தண்டை ஒடித்தாள். "மகேந்திரா போய்ச் சேர்ந்துடட்டும். அப்புறம் நீ தாராளமாச் சொல்லிடு. நானே சுவாவுக்குக் கூட வரேன்."

"அப்புறம் அவங்களுக்குக் குடியுரிமை வரணும்பே."

"அது வந்த பிறகு சொல்லலாமே."

"அதுக்குள்ளே உன்னைக் கூப்பிட அவன் மனு போட்டிருப்பான்" என்றாள் சுஷீலா. "அப்போ நீயே சொல்லாதேம்பே."

இந்திராவதி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. கீரைத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்து, "இன்னிக்குப் புளி கம்மியாவே போடறேன்" என்றாள்.

சுஷீலா கிழங்கைக் கழுவ உட்கார்ந்தாள்.